ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் முடிச்சுக் கிளம்புறேன்: ஊர் சுத்துறது முதல்லயா, கணக்கு முடிக்கிறது முதல்லயா?

இசார்_கரை எழுதியது:

மியூனிக்ல மாஸ்டர்ஸ். ஆகஸ்ட் 14 தீசிஸ் டிஃபென்ஸ். செமஸ்டர் செப்டம்பர் 30 வரைக்கும், ஹாஸ்டல் ரூம் ஒப்பந்தமும் அதே தேதி. ரெசிடென்ஸ் கார்டு அக்டோபர் 15 வரை இருக்கு. ஊர்லயே வேலை உறுதியாயிடுச்சு, அதனால இங்க தங்கி வேலை தேடப் போறதில்ல.

இப்போதைக்கு யோசிச்சு வெச்சிருக்கறது: ஆகஸ்ட் கடைசியிலயே ஆப்மெல்டுங் (விலாசப் பதிவை ரத்து பண்றது) கொடுத்து, பேங்க் அக்கவுன்ட்டையும் மூடிட்டு, செப்டம்பர் 30 சாவிய ஒப்படைச்சிட்டு, மனசுல பாரம் இல்லாம பத்து நாள் வெனிஸ், ரோம், சூரிக், பிராக் சுத்தறது. முடிஞ்சா லண்டனும். அக்டோபர் 10 சென்னைக்கு ஃப்ளைட், டிக்கெட் இன்னும் போடல.

பல நாட்டுக்கு ரயில்ல போக யூரெயில் பாஸ் வாங்கணுமா, இன்டர்ரெயிலா? இந்த வரிசை சரியா? கிளம்புறவங்க வழக்கமா எதை மறந்துட்டுப் போறாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

*

பெட்டி_கட்டி எழுதியது:

வரிசை தலைகீழா இருக்கு தம்பி. முதல்ல ஊர் சுத்துங்க, அப்புறம் ரூம், அப்புறம் ஆப்மெல்டுங், அப்புறம் ஃப்ளைட். பேங்க் அக்கவுன்ட் எல்லாத்துக்கும் கடைசி, ஊருக்குப் போய்ச் சேர்ந்து பல மாசம் கழிச்சு.

ஆகஸ்ட்ல ஆப்மெல்டுங் கொடுக்கவே முடியாது. வீட்டைக் காலி பண்ற தேதிக்கு ஒரு வாரம் முன்னாடிதான் வாங்கிப்பாங்க. காலி பண்ணி இரண்டு வாரத்துக்குள்ள கொடுத்தாகணும், தாண்டினா அபராதம் போட இடமிருக்கு. கட்டணம் கிடையாது. ஊர் விலாசம் கேட்பாங்க, திருச்சியோ தஞ்சாவூரோ அதை முழுசா எழுதுங்க. பதிலுக்கு வர்ற உறுதிச் சான்றை நாலஞ்சு காப்பி எடுத்து வெச்சுக்குங்க. இன்டர்நெட், இன்ஷூரன்ஸ், ரேடியோ கட்டணம்னு எதை நிறுத்தணும்னாலும் அதைத்தான் கேட்பாங்க.

இதைவிடப் பெரிய சிக்கல் கார்டுல இருக்கு. தற்காலிகமில்லாத காரணத்துக்காக நாட்டைவிட்டு வெளியே போனா ரெசிடென்ஸ் பர்மிட் தானாவே காலாவதியாகும்னு சட்டம் சொல்லுது, குடியிருப்புச் சட்டத்தோட 51வது பிரிவு. அட்டையில அக்டோபர் 15ன்னு அச்சடிச்சிருந்தாலும், ஆப்மெல்டுங் கொடுத்துட்டு ஆஸ்திரியா எல்லையைத் தாண்டினீங்கன்னா நிரந்தரமா கிளம்பிட்டார்னு எடுத்துக்க முடியும். மறுபடி மியூனிக் வந்து ஃப்ளைட் ஏறணும்ங்கிறப்போ இந்த ரிஸ்க் எதுக்கு? ஆஸ்திரியாவுல இருந்து வர்ற பாதையில 2015லேருந்தே சோதனை இருக்கு. 2024 செப்டம்பருக்கு அப்புறம் ஜெர்மனியோட எல்லாத் தரை எல்லையிலும் வந்தாச்சு. எல்லைப் பக்கத்து ரோசன்ஹைம்ல போலீஸ் ரயில் ஏறுவாங்க. பாஸ்போர்ட்டும் கார்டும் ரெண்டும் கையில இருக்கணும், போன்ல இருக்கற போட்டோ செல்லாது.

ஃப்ளைட்டை செப்டம்பர் 30க்குள்ள மாத்துங்க. ரூம் இல்லாம அக்டோபர் முதல் பத்து நாள் மியூனிக்ல தங்குறது கையைக் கடிக்கும். செப்டம்பர் நடுவுல ஆரம்பிக்கற அக்டோபர்ஃபெஸ்ட் பீர் திருவிழா அக்டோபர் முதல் ஞாயிறு வரைக்கும் போகும், அந்த நாட்கள்ல ஹாஸ்டல் படுக்கைக்கே ஹோட்டல் விலை சொல்வாங்க. மாணவர் இன்ஷூரன்ஸும் செமஸ்டரோட முடியும், அந்தப் பத்து நாளைக்கு வேற ஏற்பாடு தேடணும். ஆகஸ்ட் 20 வாக்கில கிளம்பி செப்டம்பர் 10க்குள்ள திரும்பினீங்கன்னா கணக்கு முடிக்க இருபது நாள் கிடைக்கும், அது போதும்.

லண்டனை விட்டுடுங்க. ஷெங்கன் (ஒரே விசாவுல போய்வர்ற ஐரோப்பிய நாடுகளோட கூட்டு) கார்டு அங்க செல்லாது, தனி விசா வேணும். சாதாரண விண்ணப்பத்துக்கு மூணு வாரம் ஆகும்.

*

தண்டவாளம் எழுதியது:

பாஸ் விஷயத்துக்கு மட்டும் பதில்.

யூரெயில் ஐரோப்பாவில் வசிக்காதவர்களுக்கு. நீங்கள் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் ஜெர்மனியில் வசிப்பவர், ஆகவே இன்டர்ரெயில். குடியுரிமை இங்கே கணக்கில்லை, வசிப்பிடம்தான் கணக்கு. 27 வயது வரை இளைஞர் விலை உண்டு.

இன்டர்ரெயிலில் ஒரு கட்டுப்பாடு பலருக்குத் தெரியாது. வசிக்கும் நாட்டுக்குள் வெளியே போக ஒரு நாள், திரும்பி உள்ளே வர ஒரு நாள், அவ்வளவுதான். இடையில் மியூனிக் வந்து துணி துவைத்துவிட்டு மறுபடி பிராக் கிளம்பினால் இரண்டாவது தடவை எல்லை வரைக்கும் தனி டிக்கெட். ஆகவே வழியை ஒரே வட்டமாகப் போடுங்கள். மியூனிக்கிலிருந்து பிரென்னர் கணவாய் வழியாக வெரோனா, வெனிஸ். அங்கிருந்து ரோம். ரோமிலிருந்து மிலான், மிலானிலிருந்து சூரிக், சூரிக்கிலிருந்து வியன்னா, வியன்னாவிலிருந்து பிராக், பிராக்கிலிருந்து மியூனிக். எண்ணிப் பாருங்கள், சரியாக 7 பயண நாள். ஒரு மாதத்துக்குள் 7 நாள் பாஸ் இதற்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். வியன்னா உங்கள் பட்டியலில் இல்லை. ஆனால் சூரிக்கிலிருந்து ஜெர்மனிக்குள் இறங்காமல் பிராக் போக அது வசதியான வழி. சூரிக்–வியன்னா ரெயில்ஜெட் (ஆஸ்திரிய விரைவு ரயில்) எட்டு மணி நேரம், ஆர்ல்பெர்க் மலை வழி. பகலில் போங்கள், தூங்கிவிடாதீர்கள்.

பாஸ் கையில் இருந்தால் எந்த ரயிலிலும் ஏறலாம் என்று நினைக்க வேண்டாம். இத்தாலியின் அதிவேக ரயிலான ஃப்ரெச்சியாரோஸாவுக்கு இருக்கை முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிப் பணம். மிலான்–சூரிக் வண்டிக்கும் அப்படியே. காசை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் இத்தாலிக்குள் ரெஜியோனாலே என்ற மெதுவான உள்ளூர் வண்டிகள் இருக்கின்றன, முன்பதிவு இல்லை, ஆனால் வெனிஸ்–ரோம் மாதிரி தூரத்துக்கு நாள் முழுக்கப் போய்விடும். ஆஸ்திரியா, செக் பக்கம் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, வார இறுதியில் மட்டும் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 15 இத்தாலியில் பெரிய விடுமுறை, அதைத் தாண்டிப் போவதே நல்லது.

சுவிட்சர்லாந்தில் இரண்டு இடத்தில் மாட்டுவார்கள். அது ஷெங்கனுக்குள் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இல்லை. உங்கள் ஜெர்மன் சிம்மின் இலவச ரோமிங் பல திட்டங்களில் அங்கே செல்லாது, எல்லைக்கு முன்னாலேயே டேட்டாவை அணைத்துவிடுங்கள். அடுத்தது மருத்துவம். இன்ஷூரன்ஸ் கார்டின் பின்பக்கம் இருக்கும் ஐரோப்பிய அட்டை இத்தாலியிலும் செக்கிலும் செல்லும். சுவிட்சர்லாந்தில் ஐரோப்பியர் அல்லாத குடிமக்களுக்கு அது செல்லாது. அந்த நாட்களுக்குப் பயணக் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும், சில யூரோதான்.

செமஸ்டர் முடியும் முன்பே நீங்களாக எழுதிக்கொடுத்து எக்ஸ்மட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகப் பதிவை நீக்குவது) வாங்காதீர்கள். மாணவர் டிக்கெட் அந்த நாளோடு போய்விடும். நாடு முழுக்க உள்ளூர் வண்டிகளில் செல்லும் சாதாரண டாய்ச்லாந்து டிக்கெட் என்றால் 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ, 10ம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அந்த மாதக் கடைசியில் நிற்கும். 11ம் தேதி ஞாபகம் வந்தால் இன்னொரு 63 போகும்.

*

சில்லறை எழுதியது:

பணம் சம்பந்தப்பட்டது நான் சொல்றேன்.

அக்கவுன்ட்டை மூடாதீங்க. ஹாஸ்டல் டெபாசிட் சாவி கொடுத்த அன்னைக்கே வராது, வாரக்கணக்குல ஆகும். தனியார் வீடா இருந்தா வருஷாந்திரக் கரண்ட், ஹீட்டிங் கணக்கு முடியற வரைக்கும் ஒரு பகுதியைப் பிடிச்சு வெச்சுக்குவாங்க. டாக்ஸ் ரீஃபண்டும் அதுக்குத்தான் வரணும். பேங்க் ஆப் எந்த நம்பர்ல பதிஞ்சிருக்கோ அந்த சிம்மையும் உயிரோட வெச்சிருங்க, ப்ரீபெய்டுன்னா ரீசார்ஜ் இல்லாம கிடந்தா முடக்கிடுவாங்க. படிப்பு முடிஞ்சதும் மாணவர் அக்கவுன்ட்டுக்கு மாசக் கட்டணம் ஏறும், அதையும் முன்னாடியே கேட்டு வெச்சுக்குங்க.

வெர்க்ஸ்டூடன்ட்டா (படிச்சுக்கிட்டே சம்பளத்துக்கு) வேலை செஞ்சிருந்தா, வருமான வரிக் கணக்கை நாலு வருஷம் பின்னாடி வரைக்கும் தாக்கல் பண்ணலாம். வரியில்லா வரம்பு 2025க்கு 12,096 யூரோ, 2026க்கு 12,348. சம்பளத்துல வரி பிடிச்சிருந்து, வருஷ வருமானம் இதுக்குக் கீழே இருந்தா, பிடிச்சது அத்தனையும் திரும்பும். இதுக்கு எல்ஸ்டர்ங்கிற வரித்துறைத் தளத்துல பதிவு பண்ணணும், ஆக்டிவேஷன் கோடு வழக்கமா தபால்லதான் வரும், ஜெர்மன் விலாசத்துக்கு. ரூமை விட்டப்புறம் பண்ணினா கடிதம் காலி ரூமுக்குப் போகும். இன்னைக்கே பதிவு பண்ணுங்க.

சம்பளத்துல பென்ஷனுக்கு 9.3% பிடிச்சிருப்பாங்க. மொத்தம் 60 மாசத்துக்குக் கீழே கட்டியிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே போயிட்டு, பென்ஷன் கட்டுறது நின்னு 24 மாசம் ஆனப்புறம் உங்க பங்கைத் திரும்பக் கேட்கலாம், கம்பெனி கட்டின பங்கு வராது. படிவத்தோட பேர் வி0901, கட்டணமே இல்லாம நேரா பென்ஷன் அலுவலகத்துக்கு அனுப்பலாம், கமிஷன் ஏஜென்ட் தேவையில்ல. ஆனா ஒண்ணு: வாங்கினா அதுவரைக்கும் சேர்ந்த மாசக் கணக்கு மொத்தமா அழிஞ்சிரும். மறுபடி ஜெர்மனிக்கு வேலைக்கு வர்ற எண்ணம் கொஞ்சமாவது இருந்தா தொடாதீங்க.

ஹெல்த் இன்ஷூரன்ஸுக்குச் சொல்லாம கிளம்புறதுதான் நிறையப் பேர் பண்ற காரியம். ஆள் போயிட்டது அவங்களுக்குத் தெரியாது. மாணவர் திட்டம் முடிஞ்சதும் தானாவே தொடர் காப்பீட்டுக்கு மாத்துவாங்க, வருமான விவரம் கேட்டு லெட்டர் போடுவாங்க, பதில் வரலைன்னா அதிகபட்ச வருமானம்னு வெச்சு பில் ஏத்துவாங்க. ஆப்மெல்டுங் சான்றை அனுப்பினா ஒரே நாள் வேலை. ரேடியோ கட்டணம் மாசம் 18.36 யூரோவும் அதே மாதிரி, உங்க பேர்ல பதிவு இருந்தா நீங்களா நிறுத்தினாத்தான் நிக்கும்.

*

இசார்_கரை எழுதியது:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். எல்ஸ்டர் பதிவு போட்டுட்டேன், ஃப்ளைட்டையும் செப்டம்பர் 28க்குப் பாக்கிறேன். லேப்லயும் ஹாஸ்டல் மாடியிலயும் விடை சொல்லிட்டுப் போகணும், இங்க அதுக்கு என்ன முறை? பேராசிரியருக்கு பட்டுச் சால்வை மாதிரி ஏதாவது கொடுக்கலாமா?

*

மாடிப்படி எழுதியது:

சால்வை வேண்டாம்மா/தம்பி, யாரா இருந்தாலும். இங்கே பேராசிரியர்கள் அரசு ஊழியர்கள், விலையுள்ள பரிசு வாங்கினால் அவர்களுக்குத்தான் சங்கடம். கையால் எழுதிய ஒரு கார்டும், லேப் முழுக்கப் பகிர்ந்து சாப்பிடுகிற மாதிரி ஏதாவதும் போதும்.

நம்ம ஊரில் போகிறவருக்கு மற்றவர்கள் விருந்து வைப்பார்கள். இங்கே போகிறவர்தான் வைக்க வேண்டும். அவுஸ்டாண்ட் என்று பெயர். பெரிய செலவில்லை: காலை பத்து மணி காபிக்கு இரண்டு கேக், அல்லது மைசூர்பாகும் முறுக்கும். முட்டை, முந்திரி, பால் எதில் இருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி வையுங்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் கேட்டுத்தான் தொடுவார்கள். ஒரு வாரம் முன்பே மெயில் போட்டு நேரம் சொல்லுங்கள். ஆகஸ்டில் பாதி லேப் விடுமுறையில் இருக்கும், செப்டம்பர் மூன்றாவது வாரம் வசதி. ஹாஸ்டலில் இரவு பத்துக்கு மேல் சத்தம் கூடாது, அறிவிப்பை மாடிக் கதவில் முன்கூட்டியே ஒட்டிவிட்டால் பக்கத்து அறைக்காரர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள்.

அந்தச் சந்திப்பிலேயே பரிந்துரைக் கடிதம் கேட்டுவிடுங்கள். ஊருக்குப் போய் மெயிலில் கேட்டால் இழுக்கும். வேலை பார்த்த இடத்தில் 'குவாலிஃபிஸியெர்டெஸ் ஆர்பைட்ஸ்ட்ஸொய்க்னிஸ்' என்று முழுப் பெயர் சொல்லிச் சான்றிதழ் கேளுங்கள். வெறும் அனுபவச் சான்று தேதிகளோடு நின்றுவிடும், இதில் வேலையின் தரமும் வரும், கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும். பல்கலைக்கழக மெயில் கணக்கு எப்போது மூடப்படும் என்று பார்த்து, மார்க் ஷீட், சேர்க்கைச் சான்றுகள் எல்லாவற்றையும் அதற்கு முன் இறக்கி வையுங்கள்.

ரூம் ஒப்படைக்கும்போது ஜன்னல் விளிம்பு, அடுப்பு, ஷவர் சுண்ணாம்புக் கறை, ஃப்ரிட்ஜ் ஃப்ரீசர் பனி, இந்த நாலையும்தான் முதலில் பார்ப்பார்கள். ஃப்ரிட்ஜை முந்தின நாளே அணைத்துக் கதவைத் திறந்து வையுங்கள். சுண்ணாம்புக் கறைக்கு சிட்ரிக் அமிலம் வாங்கித் தெளித்து பதினைந்து நிமிடம் விட்டுத் தேய்த்தால் போகும். ஒப்படைப்புப் படிவத்தில் சாவி எண்ணிக்கை எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், படம் எடுத்து வையுங்கள்.

*

பார்வையாளர்_7 எழுதியது:

நடுவில் ஒரு சந்தேகம். என் கார்டு முடிந்துவிட்டது, நீட்டிப்புக்கு மனு போட்டு, முடிவு வரும்வரை தரும் தற்காலிகச் சான்றான ஃபிக்ஷன் பேப்பர்தான் கையில் இருக்கிறது. இதை வைத்துப் பிராக் போகலாமா?

*

பெட்டி_கட்டி எழுதியது:

உள்ளே எந்தக் கட்டத்துல டிக் இருக்குன்னு பாருங்க. அதே குடியிருப்புச் சட்டத்தோட 81வது பிரிவோட 4வது உட்பிரிவுன்னா, பழைய கார்டு, பாஸ்போர்ட் ரெண்டோட சேர்த்துப் போயிட்டு வரலாம். 3வது உட்பிரிவுல டிக் இருந்தா வெளியே போகாதீங்க, திரும்பி உள்ள வர அது உதவாது. 4வதா இருந்தாலும் விமானத்துல போறதைவிட ரயில் மேல், செக்-இன் கவுன்ட்டர்ல இருக்கறவங்களுக்கு இந்தத் தாளைப் பத்தித் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல.

இசார்_கரைக்கு ஒரு விஷயம் விட்டுப் போச்சு: இங்க வாங்கின மின்சாதனம் 230 வோல்ட்தான், ஊர்ல ஓடும். ஆனா தடிமனான உருண்டை பிளக் நம்ம சாக்கெட்ல உட்காராது, அடாப்டர் வேணும். மிக்சி, ரைஸ் குக்கர் எடைக்குப் பிரயோஜனமில்ல, அக்டோபர்ல புதுசா வர்ற பசங்களுக்குக் கொடுத்துட்டுப் போங்க. அலுமினிய குக்கர் கொடுக்கறதா இருந்தா அவங்க ஹாஸ்டல் அடுப்பு இண்டக்‌ஷனா இல்லையான்னு கேட்டுட்டுக் கொடுங்க.