கருங்கல்லையும் கடல் உப்பு தின்னுமா?

கேள்வி: மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் சிற்பங்களில் முகம், விரல் எல்லாம் மழுங்கிக் கிடக்கின்றன. அலை படாத மேல்பகுதியிலும் இதே நிலைதான். கருங்கல் இவ்வளவு தேயுமா?

பதில் 1: அங்கே அலையைவிட உப்புச்சாரல்தான் எதிரி. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. சாரல் கல்லின் நுண்விரிசல்களில் இறங்கி, நீர் ஆவியானதும் உப்பு படிகமாகி விரிசலை நெம்புகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு கரையும். குறைந்தால் மறுபடி படிகமாகும். அதனால்தான் எப்போதும் நனைந்திருக்கும் கல்லைவிட, நனைந்து நனைந்து காயும் கல் அதிகம் உதிர்கிறது.

பதில் 2: வேதிச் சிதைவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கருங்கல்லில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் மெல்லக் களிமண்ணாகிறது. கறுப்பு மைக்காவின் இரும்பு துருப்பிடித்துப் பழுப்புக் கறை விடுகிறது. பிடிப்பிழந்த குவார்ட்ஸ் மணிகள் விரல் பட்டாலே உதிரும். தயவுசெய்து தடவிப் பார்க்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்: நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் போகாதா?

பதில் 1: மேலாக இருப்பது போகும், ஒரு பகுதி கரைந்து இன்னும் உள்ளே இறங்கும். தொல்லியல் துறை அங்கே கையாண்டது காகிதக்கூழ்ப் பற்று. உப்பில்லாத நீரில் ஊறிய கூழை அப்பி, காய்ந்தபின் உரிக்க வேண்டும். வெளியேறும் ஈரம் உப்பையும் கூழுக்கு இழுத்து வரும். ஈரத்தோடு உரித்தால் பாதி உப்பு கல்லிலேயே தங்கிவிடும். உரித்த கூழை வாலைவடிநீரில் ஊறவைத்து, வடித்த நீரில் சில்வர் நைட்ரேட் சொட்டுங்கள். வெள்ளையாகத் திரிந்தால் உப்பிலுள்ள குளோரைடு இன்னும் வருகிறது, அடுத்த பற்றுப் போடுங்கள்.

பதில் 2: சிமெண்ட் பூச்சு மட்டும் வேண்டவே வேண்டாம். ஈரத்தை உள்ளே அடைத்துவிடும், கல் பட்டை பட்டையாக உரியும்.