எம்டிஎம்ஏ (எக்ஸ்டசின்னு சொல்ற போதை மாத்திரை) போட்டா மூளையில மனநிலைய பாத்துக்குற செரட்டோனின்ங்கிற ரசாயனம் என்ன ஆகுது? பக்கத்துல இருந்து பாத்தவங்க சொல்லுங்க

நைட்ஷிஃப்ட்_நர்ஸ்
நான் இங்கிலாந்துல எமர்ஜென்சி வார்டுல இருக்கேன். கோடையில மியூசிக் ஃபெஸ்டிவல் ஆரம்பிச்சா பில்லு போட்ட பசங்க வர ஆரம்பிச்சிருவாங்க, முக்காவாசிப் பேருக்குப் பெருசா ஒண்ணும் இருக்காது, கண்மணி விரிஞ்சு, தாடைய நறநறன்னு கடிச்சிக்கிட்டு, நம்ம கையப் பிடிச்சு "நீங்க ரொம்ப நல்லவங்க"ன்னு உருகுவாங்க. அந்த உருகல்ல பெரும்பங்கு செரட்டோனினோடது. வெளிய விட்ட செரட்டோனின திரும்ப நரம்புக்குள்ள இழுக்க செர்ட்னு ஒரு பம்பு இருக்கு, எம்டிஎம்ஏ அதையே ரிவர்ஸ்ல ஓட விட்டுரும், சேத்து வெச்சதுல பெரும்பகுதி வெளிய கொட்டும். டோபமின்னு இன்னொரு மூளை ரசாயனமும் வரும்தான், ஆனா மெத்ல (மெத்தாம்ஃபெட்டமின்ங்கிற வேற போதைப்பொருள்) டோபமின் தூக்கல், இதுல செரட்டோனின் தூக்கல்.

நான் சொல்ல வந்தது வேற ஒரு பையன பத்தி. உடம்பு அனலா கொதிக்குது, 41 டிகிரி, வேர்வைல பெட்ஷீட்டே நனைஞ்சு போச்சு. டாக்டர் அவன் பாதத்த மேல்பக்கமா ஒரு தள்ளு தள்ளிப் பிடிச்சாரு, கால் தானா டக்டக்டக்னு அடிக்க ஆரம்பிச்சிருச்சு, நிக்கவே இல்ல. க்ளோனஸ்னு சொல்லுவோம், செரட்டோனின் உடம்புல அளவுக்கு மீறிப் போற செரட்டோனின் சிண்ட்ரோம்னு சந்தேகம் வந்தா மொதல்ல இதத்தான் பாக்குறது. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் "ஒரே ஒரு மாத்திரதான்"னு சத்தியம் பண்றாங்க. அப்புறம் அவங்கம்மா போன்ல சொன்னாங்க, டிப்ரெஷனுக்கு மாக்ளோபெமைடு சாப்பிடுறானாம். அது செரட்டோனின அழிக்கிற என்சைம கட்டிப் போடுற மருந்து. ஒரு பக்கம் கொட்டிக்கிட்டே இருக்கு, அழிக்க ஆளில்ல. ஐஸ்கட்டி வெச்சு உடம்பக் குளிர வெச்சு, தசைய தளர்த்துற டயசபாம் மருந்து, ஐசியுன்னு போயி பொழச்சிட்டான். இதே ரெண்டும் சேந்து 4 பேர் செத்தத பத்தி ஃபின்லாந்துல 2003ல ரிப்போர்ட் வந்திருக்கு.

சூரிச்_மாமா
அக்கா சொன்னதுக்கு நேரெதிராவும் நடக்கும். என்னோட வேலை செய்யிற பொடியன் ஒருத்தன் டிப்ரெஷனுக்கு சிட்டலோபிராம் எண்ட மருந்து எடுக்கிறவன், பார்ட்டியில குளிசை போட்டுட்டு ஒண்டும் ஏறேல்ல, டீலர் ஏமாத்திப் போட்டான் எண்டு ஒரே கத்தல். ஏமாத்தேல்ல தம்பி! சிட்டலோபிராம் அக்கா சொன்ன அந்த செர்ட் பம்பின்ர வாயில போய்க் குந்தியிருக்கு, பேந்தெங்க எம்டிஎம்ஏ உள்ள போறது? இஞ்ச சூரிச்சிலயே 2000ம் ஆண்டு பரிசோதனையா முதல் சிட்டலோபிராம் ஏத்திப்போட்டு பிறகு எம்டிஎம்ஏ குடுத்துப் பாத்தவை, ஏத்தம் நல்லாக் குறைஞ்சுதான் வந்தது. ஏறேல்ல எண்டு இன்னும் ரெண்டு போடுறதுதான் பயம், சந்தோசம் வராட்டிலும் இதயத்துக்கும் உடம்புச் சூட்டுக்கும் அது கணக்குத்தான். பார்ட்டிக்காக மருந்த நிப்பாட்டுற விசரங்களும் இருக்கினம், அதப் பத்திக் கதைக்கவே எனக்கு விருப்பமில்ல.

உட்ரெக்ட்_பையன்
எங்க ஹவுஸ்மேட் சனிக்கிழமை போட்டுட்டு வந்தா ஞாயிறு நல்லாத்தான் இருப்பான், செவ்வாய் புதன்லதான் மூஞ்சி தொங்கிரும், சோறு ஆறிப்போற வரைக்கும் தட்டையே பாத்துட்டு உக்காந்திருப்பான், கேட்டா காரணம் தெரியலன்னு அழுவான். லண்டன்ல 1997லயே இத ஆராய்ச்சி பண்ணி எழுதிட்டாங்க, வாரக் கடைசில ஏத்தம் வார நடுவுல இறக்கம்னு. செரட்டோனின் தயாரிக்கிற என்சைமையும் இது முடக்கிருது, அதனால காலியானது உடனே ரொம்பாதுன்னு சொல்றாங்க. ஆனா எனக்கு இதுல முழுசா நம்பிக்கை இல்ல, ஏன்னா பிரிஸ்டல்ல குடிப்பழக்கத்துல இருந்து மீண்டவங்களுக்கு ஆஸ்பத்திரில வெச்சு எம்டிஎம்ஏ குடுத்தப்போ அந்த மாதிரி இறக்கம் வரலன்னாங்க. ராத்திரி பூரா தூங்காம, சாப்பிடாம, கூடவே பீரும் அடிச்சா எவனுக்குத்தான் செவ்வாய்க்கிழமை நல்லாருக்கும்?

நைட்ஷிஃப்ட்_நர்ஸ்
தம்பி சொல்றது நியாயம்தான், இந்த சப்ஜெக்ட்ல பயமுறுத்துறவங்களும் நிறைய. 2002ல அமெரிக்காவுல பெரிய பேப்பர் ஒண்ணு வந்துச்சு, குரங்குக்கு எம்டிஎம்ஏ குடுத்தோம், டோபமின் நரம்பே போச்சுன்னு. அடுத்த வருஷம் அவங்களே வாபஸ் வாங்கிட்டாங்க, பாட்டில் லேபிள் மாறிப்போயி குடுத்தது மெத்தாம்!

அதுக்காக ஒண்ணுமே ஆகாதுன்னும் இல்ல. ரொம்ப நாளா நெறைய போடுறவங்களுக்கு ஸ்கேன்ல செர்ட் கம்மியாத் தெரியுது, நிறுத்தினா கொஞ்சம் கொஞ்சமா ஏறுது.

கோவை_ஃபார்மா
அக்கா ஒரு டவுட்டு, எம்டிஎம்ஏவோட சேரக்கூடாத லிஸ்ட்ல டிரமடாலும் வருமா? வலி மாத்திரதானேன்னு பசங்க நெனைக்கிறாங்க.

நைட்ஷிஃப்ட்_நர்ஸ்
கண்டிப்பா வரும். டிரமடாலும் செரட்டோனின் திரும்ப உள்ள போறத தடுக்கும், தனியாவே வலிப்பு வர வைக்கும். இருமல் சிரப்ல இருக்கிற டெக்ஸ்ட்ரோமெத்தார்பனும் செரட்டோனின் விஷயத்துல அப்படித்தான். இந்தியாவுல டிரமடால 2018ல போதைப்பொருள் சட்டத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்களே, உங்க கடைல சீட்டு இல்லாம கேட்டு யாரும் வர்றாங்களா இப்பவும்?