மகள் கிரெனடாவுக்குப் படிக்கப் போகிறாள்: அந்த ஏர்போர்ட் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மலைக்கோட்டை:

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு கரீபியன் தீவான கிரெனடாவில் செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் கிளம்புகிறாள். எனக்கு லீவு கிடைக்காது, தனியாகத்தான் போகிறாள். இறங்குவது மாரிஸ் பிஷப் ஏர்போர்ட். நெட்டில் தேடினால் அங்கே என்ன வசதி இருக்கிறது என்பது வருவதில்லை, 1983-இல் அமெரிக்க ராணுவம் பாராசூட்டில் குதித்த கதைதான் வருகிறது. அதைப் படித்ததிலிருந்து வீட்டில் அவள் அம்மாவுக்குத் தூக்கமில்லை. "இந்த ஊருக்கா பிள்ளையை அனுப்புறீங்க?" என்று ஒரே பாட்டு.

இது அவர்கள் குதித்த அதே இடமா, அது பழசாகி இப்போது வேறு கட்டிவிட்டார்களா? விமானம் போய்ச் சேரும்போது இருட்டிவிடும். அந்த நேரத்தில் வண்டி கிடைக்குமா? உள்ளே என்னதான் இருக்கிறது? நம் ஊர் ஒரு தாலுகா அளவு ஜனத்தொகை உள்ள தீவுக்கு எதற்கு அவ்வளவு நீள ரன்வே என்பதும் விளங்கவில்லை.

காவிரிக்கரை:

வாழ்த்துகள் சார். என் அக்கா பையன் அங்கேதான் படித்து முடித்தான். ஏர்போர்ட் கிடக்கட்டும், முதலில் விசாவைக் கவனியுங்கள். மயாமி, நியூயார்க் வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் அமெரிக்க விசா வேண்டும். லண்டன் வழி என்றால் ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறும்படி இருக்கிறதா பாருங்கள், அப்படியானால் அதற்கும் விசா எடுக்க வேண்டும். டிக்கெட் போடுகிறவர்கள் இதையெல்லாம் தானாகச் சொல்வதில்லை.

ஒரு செட் துணி, சர்ட்டிபிகேட், மருந்து எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். எங்கள் பையன் போய்ச் சேர்ந்துவிட்டான், அவன் பெட்டி பின்னாலேயே வேறொரு நாள் வந்தது.

ஜாதிக்காய்:

மலைக்கோட்டை சார், நான் இங்கேயே இருக்கிறவன். ஐவன் புயல் 2004-இல் வந்து ஊரில் பாதிக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனதே, அதற்கு முன்பிருந்தே பல்கலைக்கழக வளாகம் இருக்கும் ட்ரூ ப்ளூ பக்கம் ஒரு லேபில் வேலை. உறவு, நட்பு, புதுப் பிள்ளைகள் என்று யாரையாவது கூட்டி வர ஏர்போர்ட்டுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், அம்மாவையும் படிக்கச் சொல்லுங்கள்.

அவர்கள் குதித்த அதே ரன்வேதான். தீவின் தென்மேற்கு மூலையில், பாயிண்ட் சலைன்ஸ் என்ற முனையில் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. 2,744 மீட்டர், அதாவது 9,000 அடி. மேற்கு முனையில் கடல். கிழக்கு முனையை ஒட்டினாற்போல உங்கள் மகள் படிக்கப்போகும் வளாகம். இங்கே வருஷம் முழுக்கக் காற்று கிழக்கிலிருந்துதான் அடிக்கும். விமானங்கள் கடல் பக்கமிருந்து இறங்கி, எங்கள் தலைக்கு மேலே ஏறிப் போகும். முதல் வாரம் வகுப்பில் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள், அப்புறம் பழகிவிடும்.

இவ்வளவு நீளம் எதற்கு என்று கேட்டீர்கள். முன்பு இங்கே இருந்தது பேர்ல்ஸ் ஏர்போர்ட், 1943-இல் திறந்தது. அது தீவின் வடகிழக்கில், கிரென்வில் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நீட்ட வழியில்லை. ராத்திரியில் இறங்க விளக்கு கிடையாது. சின்ன ப்ரொப்பல்லர் விமானங்கள்தான் வரும். லண்டனிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ வருகிறவர் பார்படாஸிலோ டிரினிடாடிலோ இறங்கி மாற வேண்டும், நேரமாகிவிட்டால் அங்கேயே ஓட்டல் எடுத்துத் தங்க வேண்டும். மறுநாள் பேர்ல்ஸில் இறங்கினாலும் தலைநகருக்கு வர கிராண்ட் எட்டாங் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி இறங்க வேண்டும். இங்குள்ள பெரியவர்கள் அந்தச் சாலையைப் பற்றிப் பேசும்போது இப்போதும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். இப்படி இருந்தால் எந்தச் சுற்றுலாக்காரன் வருவான்?

பாயிண்ட் சலைன்ஸில் ஏர்போர்ட் வேண்டும் என்ற பேச்சு ஆங்கிலேயர் காலத்திலேயே, 1950-களிலேயே உண்டு. பேச்சோடு நின்றது. 1979 மார்ச்சில் மாரிஸ் பிஷப் ஆட்சியைப் பிடித்தார், வயது 34. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் கியூபாக்காரர்கள் புல்டோசரோடு வந்து குன்றை வெட்ட ஆரம்பித்தார்கள். கடலோரம் ஹார்டி பே என்ற இடத்தைத் தூர்த்து அதன் மேல் ரன்வே போனது. தூர் வாரியது ஒரு அமெரிக்க கம்பெனி, ரேடியோ, விளக்கு முதலான கருவிகளைப் பொருத்த ஒப்பந்தம் எடுத்தது பிளெஸ்ஸி என்ற பிரிட்டிஷ் கம்பெனி. கியூபா கட்டிய ரகசியத் தளம் என்று நெட்டில் எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் எழுத மாட்டார்கள். அங்கே ரகசியம் ஒன்றும் கிடையாது, மாணவர்கள் மாலையில் அந்த ரன்வேயில் ஓட்டப்பயிற்சிக்குப் போவார்களாம்.

1983 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ரீகன் டிவியில் வான்படத்தைக் காட்டி, விமானப்படையே இல்லாத நாட்டுக்கு எதற்கு 10,000 அடி ரன்வே என்று கேட்டார். நீங்கள் கேட்ட அதே கேள்விதான் சார், ஆயிரம் அடி மட்டும் கூடுதல்! பக்கத்து செயின்ட் லூசியாவிலும் இதே 9,000 அடி ரன்வே இருக்கிறது, பார்படாஸில் இருப்பது 11,000 அடி. அங்கே யாரும் ஏன் என்று கேட்டதில்லை. பெரிய ஜெட் நிறையப் பயணிகளோடும் பெட்ரோலோடும் நேராக லண்டனுக்குக் கிளம்ப அந்த நீளம் தேவை, அவ்வளவுதான்.

பிஷப்பைக் கொன்றது அமெரிக்கர்கள் அல்ல, சொந்தக் கட்சிக்காரர்கள். வீட்டுக்காவலில் வைத்தார்கள், ஜனங்கள் திரண்டு போய் மீட்டார்கள், அக்டோபர் 19 அன்று தலைநகர்க் கோட்டையில் நிறுத்திச் சுட்டார்கள். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆறு நாள் கழித்து அமெரிக்கப் படை வந்தது. ரன்வேயில் லாரியும் ரோலருமாக மறித்து வைத்திருந்ததால் அமெரிக்க ரேஞ்சர் படையினர் 500 அடி உயரத்திலிருந்து குதித்து, அங்கே நின்ற புல்டோசரையே கிளப்பித் தடைகளைத் தள்ளினார்கள். மாணவர்களை மீட்க வந்தோம் என்றார்கள். ட்ரூ ப்ளூ வளாகத்துக்கு வந்த பிறகுதான் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரையில் இன்னொரு வளாகம் இருப்பதும் அங்கேயும் பிள்ளைகள் இருப்பதும் தெரிந்தது. மறுநாள் ஹெலிகாப்டரில் போய் அழைத்து வந்தார்கள். அமெரிக்கர் 19 பேர், கியூபாக்காரர் 24 பேர், உள்ளூர்க்காரர் 45 பேர் செத்தார்கள்.

கூத்து என்னவென்றால், ஆபத்து என்று சொன்ன ரன்வேயை அமெரிக்காவே மீதிப் பணம் கொடுத்து முடித்தது. 1984 அக்டோபர் 28-இல் திறப்பு விழா.

அப்போது பாயிண்ட் சலைன்ஸ் என்றுதான் பெயர். பிஷப் பெயரை 2009 மே 29-இல் வைத்தார்கள், அவருடைய பிறந்தநாள். வைத்தது பிரதமர் டில்மன் தாமஸ். இந்த தாமஸை பிஷப் அரசு விசாரணையில்லாமல் சிறையில் போட்டிருந்தது, பத்திரிகை நடத்தியதற்காக! 1983 படையெடுப்புக்குப் பிறகுதான் அவர் வெளியே வந்தார். ஊரில் அன்றைக்கு இதைப் பற்றிப் பேசாத டாக்ஸிக்காரர் இல்லை. எனக்கு பிஷப் ஆட்சி மேல் பெரிய மதிப்பு கிடையாது, தேர்தலே நடத்தவில்லை. ஆனாலும் இந்த ஏர்போர்ட்டுக்கு வேறு யார் பெயரை வைக்க முடியும்?

இனி வசதி. ஏரோபிரிட்ஜ் கிடையாது. கதவு திறந்ததும் படியில் இறங்கி வெயிலிலோ மழையிலோ தார்த்தரையில் நடந்து கட்டிடத்துக்குள் போக வேண்டும். காற்று பலமாக இருக்கும், துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். சின்னக் கட்டிடம்தான், தொலைந்துபோக வழியில்லை. இமிக்ரேஷன், பெட்டி, கஸ்டம்ஸ், வாசல் என்று நேராக வந்துவிடலாம். இரண்டு விமானம் சேர்ந்தாற்போல வந்துவிட்டால் மட்டும் வரிசை நகராது. புறப்படும் பக்கம் சில கடைகள், சாப்பிட ஒன்றிரண்டு இடம். ஜாதிக்காய் சிரப், கொக்கோ உருண்டை, மசாலாக் கூடை கிடைக்கும். ஊருக்கு வரும்போது சிரப்பை வெளியே வாங்கினால் செக்-இன் பெட்டியில் போடச் சொல்லுங்கள், கைப்பையில் வைத்தால் செக்யூரிட்டியில் எடுத்துவிடுவார்கள்.

டாக்ஸிக்கு மீட்டர் இல்லை. நம்பர் பிளேட் 'எச்' எழுத்தில் தொடங்கினால் வாடகை வண்டி. ஏறும் முன்பே தொகையைக் கேட்டு, சொல்வது அமெரிக்க டாலரா கிழக்குக் கரீபியன் டாலரா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 கரீபியன் டாலர், 1976-லிருந்து இதே விலை. ஆனால் பருவத் தொடக்கத்தில் புதுப் பிள்ளைகளைக் கூட்டிப்போக பல்கலைக்கழக ஆட்களே வருவார்கள், விமான விவரத்தை முன்கூட்டி மெயில் பண்ணிவிட்டால் போதும். விடுதிக்கு ஐந்து நிமிஷம்தான் சார்.

ரன்வே_09:

ஜாதிக்காய் அண்ணன் ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறார். படையெடுப்புக்குப் பிறகு அமெரிக்கர்கள் மூட்டை மூட்டையாக அரசு ஆவணங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அதில் பிஷப் அரசின் பாதுகாப்பு அதிகாரி லியாம் ஜேம்ஸின் நோட்டுப் புத்தகமும் இருந்தது. கியூபா, சோவியத் ராணுவம் ஏர்போர்ட்டைப் பயன்படுத்தும் என்று 1980 மார்ச்சில் அவர் கைப்பட எழுதியிருக்கிறார். சோவியத்தோடு ஆயுத ஒப்பந்தங்களும் சிக்கின. ரீகன் முழுக்கப் புளுகினார் என்று சொல்ல முடியாது.

ஜாதிக்காய்:

தம்பி, நோட்டுப் புத்தக விஷயம் உண்மைதான், மறுக்கவில்லை. கியூபா கேட்டிருந்தால் பிஷப் இடம் கொடுத்திருப்பார் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் கட்டியது என்ன என்று பாருங்கள். பெட்ரோல் டேங்க் தரைக்கு மேலே, குண்டுக்குத் தாங்கும் கொட்டகை ஒன்றுகூட இல்லை. ராணுவத் தளத்துக்கு உரியது எதுவும் இங்கே இல்லை என்று பிளெஸ்ஸி கம்பெனியே அன்றைக்கு அறிக்கை விட்டது. ரோந்து விமானம் எண்ணெய் நிரப்ப இறங்கலாம் என்றால் உலகத்தில் எந்த ரன்வேயிலும் இறங்கலாம். அதற்காகப் படையெடுப்பதா?

நேரமிருந்தால் பேர்ல்ஸ் பக்கம் போய்ப் பாருங்கள். அன்று மாட்டிய இரண்டு சோவியத் தயாரிப்பு விமானங்கள் இன்னும் புல்லுக்குள் நிற்கின்றன. இறக்கையைச் சுற்றி மாடும் ஆடும் மேய்கின்றன, ரன்வேயில் பையன்கள் கார் ஓட்டப் பழகுகிறார்கள்.

மலைக்கோட்டை:

ஜாதிக்காய் சார், ரொம்ப நன்றி. வீட்டில் முழுதும் படித்துக் காட்டினேன். ஐந்து நிமிஷம் என்ற இடத்தில் முகம் கொஞ்சம் தெளிந்தது. இப்போது அடுத்த கேள்வி: ஊறுகாய், சாம்பார் பொடி, கறிவேப்பிலை கொடுத்து அனுப்பலாமா?

ஜாதிக்காய்:

பொடி, ஊறுகாய் சீல் போட்ட பாக்கெட்டில் இருந்தால் கஸ்டம்ஸில் கேட்டதும் எடுத்துக் காட்டினால் போதும். பச்சை இலை, விதை, பழம் வேண்டாம், தாவர நோய் பயத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மசாலாவுக்கு இங்கே பஞ்சமில்லை. 1857-இல் மெய்ட்ஸ்டோன் கப்பலில் வந்த இந்தியக் கூலிகளின் வழியில் ரொட்டியும் கறியும் தெருவுக்குத் தெரு கிடைக்கும். இட்லி அரிசிக்குத்தான் வழியில்லை.

சீட் எடுக்கும்போது இடது ஜன்னல் சொல்லுங்கள். வடக்கிலிருந்து மேற்குக் கரையோரமாக வரும்போது தலைநகரும் துறைமுகமும் கிராண்ட் ஆன்ஸ் மணலும் அந்தப் பக்கம்தான் தெரியும். இருட்டிய பிறகு வந்தால் விளக்குகள் மட்டும். வரும் தேதி முடிவானதும் தனிச்செய்தியில் அனுப்புங்கள், பல்கலைக்கழக வண்டி வந்தாலும் நானும் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.