கோடையில் தோட்டத்துக்குத் தண்ணீர்: உங்கள் அனுபவம் என்ன?

சென்னை, மாடித் தோட்டம்

2019 கோடையைச் சென்னைக்காரர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஆண்டு அது. தெருவில் குடங்கள் லாரிக்காக வரிசையில் நிற்கும்போது, மாடியில் வெண்டைக்குத் தண்ணீர் ஊற்றினால் வீட்டில் சும்மா இருப்பார்களா? மாமியார் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. நான் பூவாளியை எடுக்கும்போதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த நெருக்கடியில்தான், ஊற்றும் தண்ணீர் எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தேன். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலந்த மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்பதில்லை. காய்ந்த மண் சுருங்கி, செடி வளர்க்கும் பைக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி விழுந்துவிடுகிறது. ஊற்றியதெல்லாம் அந்தச் சந்து வழியாக இறங்கி அடித்துளையில் வெளியேறிவிடும். அடியில் ஈரத்தைப் பார்த்து, செடி வயிறு நிறையக் குடித்துவிட்டது என்று நாமும் திருப்தியாகக் கீழே இறங்கிவிடுவோம். விரலை விட்டுப் பாருங்கள், உள்ளே பொடிப்பொடியாக இருக்கும்.

இதற்குச் செலவில்லாத வழி உண்டு. முதல் சுற்றில் ஒவ்வொரு பைக்கும் ஒரு குவளை மட்டும் தெளித்துக்கொண்டே போக வேண்டும். கடைசிப் பை முடிந்ததும் திரும்பி வந்து மீதியை ஊற்றினால், அதற்குள் இளகியிருக்கும் கலவை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மேலே காய்ந்த இலையோ தேங்காய் நாரோ மூடாக்காகப் போடுங்கள். கரும்புச் சக்கையும் போடலாம். ஆனால் நன்றாகக் கழுவிக் காயவைக்காவிட்டால் தெருவிலுள்ள எறும்பெல்லாம் உங்கள் மாடிக்கு வந்துவிடும்.

இன்னொன்று: மதியம் பூசணி, பீர்க்கு இலைகள் துவண்டு தொங்கினால் பதறி ஓடாதீர்கள். வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்துவிட்டால் வேரில் ஈரம் இருக்கிறது என்று பொருள். விடியற்காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் அதற்குத் தாகம்.

ராமநாதபுரம், கொல்லைப்புறம்

எங்கள் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் என்று தனியாக ஓர் ஆண்டைச் சொல்ல முடியாதம்மா. நான் பானையை நம்புகிறவன். கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி மண்பானையைப் புதைத்து, நீர் நிரப்பி, வாயைத் தட்டால் மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் கொசு முட்டையிடும். பானையைச் சுற்றிச் சுரை, பாகல், தக்காளி நடலாம். மண் காயக் காயப் பானைச் சுவர் கசியும். மண்ணில் ஈரம் இருந்தால் கசிவும் குறைந்துவிடும். மேல்மண் நனையாததால் களையும் குறைவு. சீனாவில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்த முறை இது.

பானை வாங்கும்போது கவனம். பெயிண்ட் அடித்த அலங்காரப் பானை ஒரு சொட்டுக்கூடக் கசியாது. தண்ணீர் வைத்தால் வெளிப்பக்கம் வியர்க்கிற பானையாகக் கேட்டு வாங்குங்கள். உவர் நீர் ஊற்றுகிறவர்களுக்குச் சில மாதங்களில் நுண்துளைகள் உப்பால் அடைபடும். அப்போது பானையை வெளியே எடுத்து, ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிட்டுத் திரும்பப் புதைப்பேன்.

கோவை

அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீர் முழுவதும் எங்கள் வீட்டில் செடிக்குத்தான், உப்புப் போட்டதைத் தவிர. குளியலறைத் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பிவிட்டிருக்கிறோம். வாஷிங் மெஷின் தண்ணீர் மட்டும் வேண்டாம். சலவைத்தூளில் உள்ள சோடியம் மண்ணை இறுக்கிவிடுகிறது. கீரைப் பாத்திக்குச் சோப்புத் தண்ணீர் எதுவுமே ஆகாது.

சென்னை அக்கா, குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரை விடலாமா? வாளி வாளியாக வீணாகிறது, மனம் கேட்கவில்லை.

சென்னை, மாடித் தோட்டம்

உங்கள் வீட்டுக்கு வருவது ஆற்றுத் தண்ணீர் என்றால் ஓரளவு விடலாம். எங்களுக்கு ஆழ்துளைக் கிணறு, வருவதே உப்பு. இயந்திரம் வெளியே தள்ளுவது அதைவிடச் செறிவான உப்பு. தரையில் நிற்கும் மரத்துக்கு மழை வந்தால் அது கீழே கரைந்து போகும், பைக்குள் இருக்கும் கொஞ்ச மண்ணிலோ சீக்கிரம் சேர்ந்துவிடும். நான் அதில் வீடு துடைக்கிறேன், கழிப்பறை கழுவுகிறேன். விட்டே ஆக வேண்டுமென்றால் ஏசி சொட்டும் தண்ணீரோடு கலந்து விடுங்கள். ஏசி தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லை.

பை விளிம்பில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுமண் போடுங்கள். கோடை மழை வருவது போலிருந்தால், அந்தப் பைகளை நிழல்வலைக்கு வெளியே இழுத்து வையுங்கள், மழை உப்பைக் கரைத்து அடித்துளை வழியாக வெளியேற்றும்.