புதுப்பிப்பு: பூங்கா நிலத்தின் பூட்டு திறந்தாச்சு

எங்கள் லேஅவுட்டில் பூங்காவுக்கென விட்ட திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம் பூட்டிக் கிடக்கிறது, உள்ளே கட்டட இடிபாடு குவிகிறது என்று எழுதியிருந்தேன். பகுதி சபையில் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிக் குறை சொல்லும் கூட்டம்) மனு கொடுத்தோம். இடிபாட்டை அள்ளிவிட்டார்கள்!

கை கொடுத்தது, அந்த நிலத்தை உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்த தானப்பத்திரத்தின் நகல்தான். தமிழ்நாட்டு விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தை உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்தே ஆக வேண்டும். நான்கு எல்லையும் அந்தப் பத்திரத்தில் இருக்கும். உங்கள் பகுதிக்கும் முதலில் அதன் நகலை சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள்.

இப்போது முழுக்க டைல்ஸ் பதிக்கப் போகிறார்களாம். மழைத்தண்ணீர் எங்கே இறங்கும்? புங்க மரத்தடியில் பிள்ளைகள் குழி தோண்டி கோலி ஆட ஆரம்பித்துவிட்டார்கள். நடைபாதை மட்டும் போதும், மீதி மண்ணாகவே இருக்கட்டும் என்று அடுத்த மனு தயார். ஞாயிறு காலை வந்து கையெழுத்துப் போடுங்கள்.