ஈபிஎப் காசில் கை வைத்தவர்களிடம் யார் கணக்குக் கேட்பது?

கொம்பனிக்காரன்:

கொழும்பில் தனியார் கொம்பனி ஒன்றில் வேலை. மாதாமாதம் என் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி பக்கத்தில் 12 வீதம் ஈபிஎப்புக்கு, அதாவது ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது. 2022இல் பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, 13 மணித்தியால மின்வெட்டு எல்லாம் பார்த்தாயிற்று, அதை இனிப் பேசிப் பயனில்லை. எனக்கு ஆறாத கோபம் அதற்கு அடுத்த வருடம் நடந்ததில்தான். உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று வந்தபோது வங்கிகளிடம் இருந்த திறைசேரி முறிகளை (அரசு கடன் வாங்கக் கொடுக்கிற பத்திரங்களை) தொடவே இல்லை, ஈபிஎப்பிடம் இருந்ததைத்தான் குறைந்த வட்டிக்கு மாற்றினார்கள். விரும்பினால் மாற்றலாம், மாற்றாவிட்டால் நிதியின் முறி வருமானத்துக்கான வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகும் என்றார்கள். இதற்குப் பெயர் விருப்பமாம்! அதே வருடம் நவம்பரில் உயர் நீதிமன்றம் ராஜபக்ச சகோதரர்கள் கோத்தாபய, மஹிந்த, பசில், மத்திய வங்கி முன்னாள் ஆளுநர்கள் இருவர் எல்லாரும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறிவிட்டார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. சரி, சொன்னது. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக 1,50,000 ரூபா கொடுக்க வேண்டும் என்பதோடு காசு விசயம் முடிந்தது. காரணமானவர்கள் வீட்டில் இருக்கிறார்கள், 55 வயதில் எடுப்பேன் என்று நான் வைத்திருந்த காசு சுருங்குகிறது. இதை யாராவது எனக்கு விளங்கப்படுத்துவீர்களா?

வட்டிக்கடை:

கோபம் நியாயம், ஆனால் வங்கி விசயத்தில் ஒன்றைப் பார்க்க வேண்டும். வங்கிகள் அரசின் டொலர் முறிகளிலும் நிறையக் காசு போட்டிருந்தன, அது 2022 ஏப்ரல் 12இல் கடன் கட்டமாட்டோம் என்று அறிவித்த அன்றே அடிபட்டது. வாராக் கடனும் ஏறிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ரூபா முறிகளிலும் கை வைத்திருந்தால் அடுத்த நாள் காலை சனம் வைப்புப் பணத்தை எடுக்க வாசலில் நின்றிருக்கும். அந்தப் பயம் பொய்யில்லை.

பொய்யாக எனக்குப் படுவது வேறு. புது முறிகளுக்கு 2025 வரை 12 வீதம், அதற்குப் பிறகு 9 வீதம். 2023 தொடக்கத்தில் ஒரு வருடத் திறைசேரி உண்டியலே 25 வீதத்துக்கு மேல் கொடுத்தது, காசுள்ளவர்கள் அதை வாங்கிப் போட்டு நன்றாகவே சம்பாதித்தார்கள். அவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஈபிஎப் உறுப்பினருக்கு 9 வீதம் குறையாது என்று உத்தரவாதம் தந்தார்கள், அது உண்மைதான். ஆனால் 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது உங்கள் காசின் பெறுமதி போனதே, அதை எந்த 9 வீதம் திருப்பித் தரும்?

இன்னொன்று, இதைத்தான் சனம் கவனிப்பதில்லை. ஈபிஎப் நிதியைப் பாதுகாக்கிற பொறுப்பு மத்திய வங்கிக்கு. அரசுக்காகக் கடன் திரட்டிக்கொண்டிருந்ததும் அதே மத்திய வங்கி. கடன் கொடுத்தவருக்காகவும் வாங்கியவருக்காகவும் ஒரே ஆள் மேசையில் உட்கார்ந்தால் பேரம் எப்படி நடக்கும்? தொழிற்சங்கங்கள் கத்தின, 2023 ஜூலை 1 சனிக்கிழமை பாராளுமன்றத்தைக் கூட்டி நிறைவேற்றிவிட்டார்கள்.

மலைநாட்டான்:

எல்லாம் 2019 டிசம்பரில் ஆரம்பித்தது. வற் எனும் பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 வீதமாக்கினார்கள், அதுகூடப் பரவாயில்லை. வற்றுக்குப் பதிய வேண்டிய வருட விற்பனை எல்லையை 1.2 கோடியிலிருந்து 30 கோடி ரூபாவுக்கு ஏற்றினார்கள். யாருக்கு இலாபம்? தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவருக்கா? கடையில் ஒரு சாமானும் பெரிதாக விலை இறங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை, ஆனால் அரசுக்கு வருமானம் போய்விட்டது. அப்புறம் 2021இல் இரசாயனப் பசளைக்கு ஒரே இரவில் தடை, தேயிலையும் நெல்லும் படுத்தன. எல்லாவற்றுக்கும் மேல், கையில் டொலர் இல்லாத நேரத்தில் 2022 ஜனவரி 18ஆம் திகதி 50 கோடி டொலர் முறிக் கடனை முழுசாகக் கட்டினார்களே! இரண்டு மாதம் கழித்துக் கடதாசி இல்லையென்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை நிற்கிறது. இப்போது வற் 18 வீதம், கடையில் சாமான் வாங்குகிற தோட்டத்துப் பெண்ணும் அதே 18 வீதம்தான் கட்டுகிறாள். உங்களுக்காவது ஈபிஎப் என்று ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது கொம்பனிக்காரன், நாட்கூலிக்காரர் பலருக்கு அதுவும் இல்லை.

குப்பிவிளக்கு:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். 2022இல் தெற்கு நண்பர்கள் பெற்றோல் இல்லை என்று அழுதபோது மனம் இளகவில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் 90களில் பொருளாதாரத் தடையில் ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு அந்த வெளிச்சத்தில் ஓ.எல் படித்தவர்கள் நாங்கள். மோட்டார் சைக்கிளைக் காபரேட்டரில் சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து எழுப்பி, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடினோம், பின்னால் புகை. 2022 போராட்டத்தில் செய்ததுபோல் அப்போது எங்களுக்காக ஒருத்தரும் கொழும்புக் காலிமுகத்திடலில் கூடாரம் அடிக்கவில்லை.

வட்டிக்கடை:

குப்பிவிளக்கு அண்ணை, சரிதான். ஆனால் ஈபிஎப்பில் வவுனியாக் கடைச் சிப்பந்தியும் கட்டுநாயக்காவில் தையல் மெசினில் இருக்கிற பிள்ளையும் ஒரே நிதிக்குள்தான் இருக்கிறார்கள். வெட்டு எல்லாருக்கும் ஒன்றாகத்தான் விழுந்தது.

குப்பிவிளக்கு:

அதை மறுக்கவில்லை தம்பி. கணக்குக் கேட்கத் தொடங்கினால் 2019இல் நிறுத்தாதீர்கள், பின்னாலும் போங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

கொம்பனிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. மத்திய வங்கி இரண்டு பக்கமும் உட்கார்ந்த விசயம் எனக்குத் தெரியாது, இப்போது கோபம் கூடிவிட்டது. 10 வருடம் கட்டியிருந்து கணக்கில் 3 இலட்சத்துக்கு மேல் இருந்தால் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் முன்கூட்டி எடுக்கலாம் என்கிறார்கள். யாராவது அப்படி எடுத்திருக்கிறீர்களா? தொழில் திணைக்களத்தில் என்னென்ன கடிதம் கேட்டார்கள்?

மலைநாட்டான்:

என் மச்சான் வீட்டுக் கூரைக்கு எடுத்தவர். இரவு கேட்டுவிட்டு எழுதுகிறேன்.