ஆய்வுத் திட்டத்தைத் தேதி போட்டு எழுதணுமா?

பாம்பன் மாணவி:
பிஎச்டி சேர்ந்து ஒண்ணரை வருஷம் ஆகுது. மண்டபத்துக்கு வடகடல் (பாக் விரிகுடா), தென்கடல் (மன்னார் வளைகுடா) ரெண்டு பக்கமும் கடல்புல்லை ஒப்பிடுறதுதான் என் ஆய்வு. வாடைக் காத்து அடிச்சா வடகடல் பொங்கும், கச்சான் காத்து அடிச்சா தென்கடல் பொங்கும். ரெண்டும் ஒண்ணா அடங்கிக் கிடக்கிறது மாசி, பங்குனியிலதான். நான் சேர்ந்தது ஜனவரி. "கோர்ஸ் ஒர்க்கை முடிம்மா, மத்ததை அப்புறம் பாக்கலாம்"னார் கைடு. அந்த மாசி வகுப்பிலேயே போச்சு. தென்கடல் தீவுகள் தேசியப் பூங்காவுக்குள்ள இருக்கிறதால வனத்துறை அனுமதி வேணும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. எழுதிப் போட்டு, அது கைக்கு வந்தப்ப அடுத்த பங்குனியும் முடிஞ்சிருந்தது. கடல்புல்லை அளக்க பிவிசி குழாயில் நானே ஒட்டின சதுரச் சட்டம் ஒரு வருஷமா வீட்டுத் திண்ணையில கிடந்தது. முதல் மாசமே கைடும் மாணவரும் உட்கார்ந்து, தேதி போட்டு, ரெண்டு பேரும் கையெழுத்து வைக்கிற திட்டம் கட்டாயமாகணும்.

ஓய்வுபெற்ற நெறியாளர்:
உங்கள் வருத்தம் நியாயம்தான் அம்மா, கேட்கிற மருந்துதான் தவறு. என்னிடம் வந்த ஒரு தம்பி முதல் நாளே ஆறு பருவத்துக்கும் கட்டம் போட்டுக் கொண்டுவந்தார். கடல்பாசி எடுக்கும் பெண்களின் வருமானம் பற்றி நீளமான கேள்வித்தாள். கரைக்குப் போனால், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டே அவர்கள் பேசியது வேறு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடலில் இறங்குவோம், மற்ற நாளில் பாறையைத் தொட மாட்டோம் என்றார்கள். அந்தக் கட்டுப்பாட்டை யார் வைத்தது, எப்படிக் காக்கிறார்கள் என்பதே பிறகு அவருடைய ஆய்வாயிற்று. முதல் திட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டிருந்தால் கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டே மூன்று வருடம் ஓட்டியிருப்பார்.

தொண்டிக்காரன்:
ஐயா, கேள்வி மாறலாம், காத்து மாறுமா? ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. இறங்குதளத்துல மீன் எடை போடுற ஆய்வாளர் அந்த ரெண்டு மாசத்தை முன்கூட்டியே கணக்குல எடுக்கணுமா வேண்டாமா? அதை ஒரு தாள்ல எழுதுறதால யாரோட சிந்தனையும் சிறைப்படாது.

ஓய்வுபெற்ற நெறியாளர்:
எழுதட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 2022 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி ஒவ்வொரு பருவமும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் வந்து முன்னேற்றத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இருக்கிற ஏற்பாட்டை ஒழுங்காக நடத்தினாலே போதும்.

தொண்டிக்காரன்:
அந்தக் குழுவுல நாலு தடவை நின்னிருக்கேன். "இதுவரை என்ன செஞ்சீங்க?"ன்னு கேப்பாங்க. அடுத்த மாசியில எங்க இருப்பீங்க, படகு பேசியாச்சா, அனுமதிக்கு எழுதியாச்சான்னு ஒருத்தரும் கேட்டதில்ல.

கீழக்கரை டீச்சர்:
நான் பகுதிநேர ஆய்வாளர், பள்ளியில் வேலை, ரெண்டு பிள்ளைகள். ஆறு வருஷக் கெடு முடியப் போகுதே, எல்லாம் போச்சுன்னு பதிவையே விட்டுடலாம்னு இருந்தேன். மறுபதிவு பண்ணினா ரெண்டு வருஷம், பெண்களுக்கு அதுக்கு மேலயும் ரெண்டு, ஆக மொத்தம் பத்து வருஷம் வரை இடம் இருக்குன்னு ஒரு தோழி சொல்லித்தான் தெரிஞ்சுது. குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 240 நாள் உண்டுன்னு தெரிஞ்சப்ப என் சின்னவனே பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சிருந்தான். சேர்ந்த அன்னிக்கே கைடு இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

ஓய்வுபெற்ற நெறியாளர்:
முனைவர் பட்டம் படிக்க வருகிறவர் விதியைத் தாமே எடுத்துப் படிக்க வேண்டும் என்றுதான் இத்தனை காலம் சொல்லிவந்தேன். உங்கள் விஷயத்தில் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் கையெழுத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஒரு பேராசிரியரிடம் எட்டுப் பேர் வரை ஆய்வு செய்யலாம். கட்டாயம் என்று வந்துவிட்டால் எட்டுப் பேருக்கும் ஒரே தாளை நகலெடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வாராவாரம் உட்கார்ந்து பேசுகிற கைடுக்கு அந்தத் தாள் தேவையில்லை, பேசாத கைடை அந்தத் தாள் திருத்தாது.

பாம்பன் மாணவி:
பேசாத கைடுகிட்ட மாட்டின மாணவருக்குத்தான் ஐயா அந்தத் தாள். "அனுமதி விண்ணப்பம்: முதல் மாதம்"னு ஒரு வரி இருந்திருந்தா, அதைக் காட்டி நானே போய்க் கேட்டிருப்பேன். என்ன கேக்கணும்னே தெரியாம ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தேன். ஃபெல்லோஷிப் மாசங்கள் எனக்காகக் காத்திருக்கல.

ஓய்வுபெற்ற நெறியாளர்:
அந்த ஒரு வரிக்கு ஒத்துக்கொள்கிறேன். காற்று, மீன்பிடித் தடைக்காலம், அனுமதி, பதிவுக் கெடு இந்த நான்கையும் முதல் மாதத்திலேயே எழுதி மாணவர் கையில் கொடுத்துவிடலாம். ஆய்வுக் கேள்விக்கு மட்டும் தேதி போடாதீர்கள். வரும் மாசிக்குப் படகு பேசியாயிற்றா?

பாம்பன் மாணவி:
தென்கடலுக்குப் பேசி முன்பணமும் கொடுத்துட்டேன். வடகடலுக்கு இன்னும் ஆள் கிடைக்கல.

தொண்டிக்காரன்:
மண்டபம் வடக்குப் பக்கம் எங்க சித்தப்பாவோட வல்லம் (நாட்டுப்படகு) இருக்கு. ஞாயித்துக்கிழமை கரையிலதான் இருப்பாரு, அந்தச் சதுரச் சட்டத்தையும் எடுத்துட்டு வாங்க.